தராசு முள்ளின் வேகம்

கணேசமூர்த்தியின் பிறப்பத்தாட்சிப் பத்திரத்தில் 1982 மார்ச் பதினான்கு என்று இருக்கிறது. தோட்டத்து ஆஸ்பத்திரித் துண்டிலோ பதினொன்று. பதிவுக்குப் போன தகப்பனார் தாம் போன நாளையே பிறந்த நாளாக எழுதிக்கொடுத்துவிட்டு வந்தாராம். தாயார் அப்படிச் சொன்ன பிறகு, அரசாங்கத் தாள் என்ன சொன்னாலும் கணேசமூர்த்தி பதினொன்றையே தமது நாளாக வைத்துக்கொண்டார். மூன்று நாள் பிசகைக்கூடப் பொறுக்கமாட்டாத மனிதர் அவர். பின்னால் அவருக்கு நேர்ந்தது என்ன என்று விளங்கிக்கொள்ள இந்தக் குணத்தை முதலில் அறிந்திருப்பது நல்லது.

வட்டவளைக்கு மேலே, ரயில் பாதையிலிருந்து ஒன்றரை மைல் ஏற்றத்தில் இருக்கும் தேயிலைத் தோட்டத்தின் மேற்பிரிவு அவர் பிறந்த இடம். தகப்பனார் தொழிற்சாலையில் இருந்தார். தாயார் நாகலெட்சுமி முப்பத்தாறு ஆண்டுகள் அதே மலையில் கொழுந்து பறித்து 2016இல் காலமானார். தாயாரின் தங்கை சண்முகவடிவு இன்னும் பறிக்கிறார். அக்காவும் தங்கையும் ஒரே நிரையில் நின்று பறித்தவர்கள்.

மூர்த்தி படிப்பில் கெட்டி. ஹட்டனில் ஒரு பாடசாலையில் உயர்தரத்துக்கு இணைந்த கணிதம் எடுத்தார். தமிழில் அந்தப் பாடத்தைப் படிப்பிக்க ஆள் கிடைப்பதே அப்போது அருமையாக இருந்தது. கிடைத்த ஆசிரியரும் வகையிடல் பாடத்தின் நடுவில் இடமாற்றம் பெற்றுப் போய்விட்டார். அன்றைய கொப்பியின் கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு வரி இருக்கிறது: சைன் x இன் பெறுதி கோசைன் x. அதன் கீழே வெற்றுத் தாள். கூடப் படித்தவர்கள் அந்த வரியை மனப்பாடம் செய்துகொண்டு பரீட்சைக்குப் போனார்கள். மூர்த்தியால் அது முடியவில்லை. பெறுதி என்றால் அந்தக் கணத்தில் மாறும் வேகம் என்று ஆசிரியர் சொல்லியிருந்தார். கணத்துக்குள் நேரமே இல்லையே! நேரம் இல்லாத இடத்தில் ஒரு பொருள் எவ்வளவு தூரம் போகும்? போகாத பொருளுக்கு வேகம் ஏது? 2001ஆம் ஆண்டுப் பரீட்சையில் அந்தக் கேள்வி வந்தது. விடை மனதில் இருந்தும், விளங்காததை எழுதக் கை வராமல், இடத்தை வெறுமையாக விட்டுவிட்டு எழுந்து வந்தார். கணிதத்தில் சித்தியடையவில்லை. கொழும்பில் ஒரு கடையில் ஏழு ஆண்டுகள் நின்றார். 2009இல் தோட்டத்துக்குத் திரும்பிக் கணக்கப்பிள்ளையானார்.

கொழுந்து நிறுப்பது அவருடைய வேலைகளில் ஒன்று. நாளுக்கு மூன்று தடவை பெண்கள் சாக்குகளோடு மடுவத்துக்கு வருவார்கள். மடுவம் என்பது தகரக் கூரை போட்ட நிறுவைக் கொட்டகை. அங்கே தொங்கிய தராசு வெகு பழையது. வட்ட முகம், நீண்ட முள். வில் வைத்த தராசு அன்று; உள்ளே எதிர்க்குண்டு ஒன்று தொங்கும். ஆகையால் முள் துடிக்காது, ஆடும். ஒரு முழு ஆட்டத்துக்கு இரண்டு நொடி ஆகும், முற்றாக அடங்க அரை நிமிடம் செல்லும். எண்பது பெண்கள் வரிசையில் நிற்க, கீழே லொறி ஹோர்ன் அடிக்க, சாக்குக்கு அரை நிமிடம் யாரால் கொடுக்க முடியும்? முன்னிருந்த கணக்கப்பிள்ளை அதற்கு ஒரு முறை வைத்திருந்தார். சாக்கைக் கொக்கியில் விட்டதும் முள் ஒரேயடியாக மேலே ஓடும். அது சாக்கு விழுந்த வேகம், அதைக் கணக்கில் எடுக்காதே. திரும்பி வந்து நிற்கும் அல்லவா, அந்த இரண்டாவது நிற்பைச் சொல். மூர்த்தி இந்த முறையை அப்படியே ஏற்றுக்கொண்டார். முதல் ஓட்டம் பொய், அடுத்தது மெய் என்பது அவருக்கு நியாயமாகவே பட்டது. முள் நிற்பதைக் கண்ணால் பார்க்காமல் அவர் ஒரு நாளும் எண் சொன்னதில்லை.

2017இல் டிஜிட்டல் தராசு வந்தது. அந்த ஆண்டு எல்லாருக்கும் கிலோ கூடியது. தளிர் நன்றாக இருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள். 2023 ஜூலையில் மழைத் தண்ணீர் உள்ளே போய் டிஜிட்டல் தராசு நின்றுபோயிற்று. திருத்துவதற்குக் கொழும்புக்கு அனுப்பிவிட்டு, களஞ்சியத்தில் கிடந்த பழைய தராசைத் துடைத்து மறுபடியும் மாட்டினார்கள். கிலோ குறைந்தது. இந்தத் தடவை மழையைக் குறை சொன்னார்கள், உரத்தைக் குறை சொன்னார்கள். பெண்கள் மட்டும் கணக்கப்பிள்ளையைப் பார்த்தார்கள்.

ஓகஸ்ட் பதினேழாம் தேதி, வியாழக்கிழமை, மத்தியான நிறுவை. சண்முகவடிவு தமது சாக்கை வாய் கட்டி வைத்திருந்தார். வீட்டில் அவர் மூர்த்தி என்பார். மடுவத்தில் ஐயா என்பார். அன்று அந்த ஐயாவில் சற்று இனிப்புக் கூடுதலாக இருந்தது. சாக்கைக் கொக்கியில் மாட்டினார். முள் ஓடியது, திரும்பியது, நின்றது.

"ஒம்பது," என்றார் மூர்த்தி.

"நல்லாப் பாத்தீங்களா ஐயா? முள்ளு நின்னுச்சா?"

"நின்னுச்சு. ஒம்பது."

சண்முகவடிவு சாக்கை இறக்கி, கட்டை அவிழ்த்து, உள்ளேயிருந்து ஓர் அரிசிப் பையை எடுத்து மேசைமேல் வைத்தார். கடைச் சீல் உடையாத பத்துக் கிலோப் பை.

"பத்துக் கிலோ அரிசி. சாக்கு வேற இருக்கு. ஒரு கிலோவக் காக்கா தூக்கிட்டுப் போச்சுங்களா, கணக்கப்புள்ள ஐயா?"

வரிசையில் ஒருத்தி, அரிசிக்கும் ஐயா தண்ணி கழிச்சிட்டாரு என்றாள். மழைநாளில் கொழுந்தின் ஈரத்துக்காகக் கிலோ கழிப்பது வழக்கம். அதில் ஏற்கெனவே அவர்களுக்கு எரிச்சல். சிரிப்பு மடுவம் முழுக்கப் பரவியது. மூர்த்தி சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. மறுபடி மாட்டச் சொன்னார். மறுபடியும் முள் அதே இடத்தில் நின்றது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது ஒன்பதில்தான் நின்றது. அதற்குப் பிறகு எங்கே போயிற்று என்று பார்க்கும் பொறுமை அங்கே ஒருவருக்கும் இருக்கவில்லை. வேறு ஆள் நிறுக்காவிட்டால் திங்கட்கிழமையிலிருந்து மலை ஏறமாட்டோம் என்று பெண்கள் சொல்லிவிட்டுப் போனார்கள்.

அன்று மாலையே வெளிக்கள உத்தியோகத்தர் சுதாகரன் வந்தார். மூர்த்தியைவிடப் பத்து வயது இளையவர், கெட்டவர் அல்லர். மலையில் நிறுத்த மொத்தத்தைவிடத் தொழிற்சாலையில் நிறுக்கும்போது கூடுதலாக வருவதையும், அதை ஈரம் என்று எழுதிவிடுவதையும் அறிந்தவர். அவர் நேராக விஷயத்துக்கு வந்தார்.

"தராசு பழசு, முள்ளு பிழைன்னு திங்கக்கெழம பெரட்டுல ஒரு வார்த்த சொல்லிருங்கண்ணே. ஒங்க பேரும் கெடாது, தோட்டத்துப் பேரும் கெடாது."

பெரட்டு என்பது வேலை பிரித்துக் கொடுக்கக் காலையில் எல்லாரையும் கூட்டுவது. எல்லாருக்கும் முன்னால் ஒரு வார்த்தை. அவ்வளவுதான் கேட்கப்பட்டது. யோசித்துச் சொல்கிறேன் சேர் என்று மூர்த்தி அனுப்பிவைத்தார்.

அதன் பிறகு அவரால் ஓர் இடத்தில் இருக்க முடியவில்லை. வெள்ளிக்கிழமை நிறுத்தார், சனிக்கிழமை நிறுத்தார். நான் கண்டதைத்தான் சொன்னேன் என்று ஒரு மனம் சொன்னது. கண்டது பத்து இல்லையே என்று மற்றது கேட்டது. வீட்டுக்கு வந்தால் செருப்பைக் கழற்றுமுன் மறுபடி இறங்கிவிடுவார். கோயில்வரை போவார், பாதி வழியில் திரும்புவார். தேத்தண்ணி ஆறும்வரை கையில் வைத்துக்கொண்டு நிற்பார். சண்முகவடிவு குடியிருந்த லயத்து வரிசைவீட்டுப் பக்கம் இரண்டு தரம் போய், வாசலில் செருப்பு இருப்பதைக் கண்டும் கூப்பிடாமல் வந்துவிட்டார். கூப்பிட்டு என்ன சொல்வது? களவு செய்யவில்லை என்றா? ஒரு கிலோ போனது போனதுதானே.

மனைவி ஜெயந்தினி தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவின் பொறுப்பாளர். தாய்மார் மலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுச் செல்லும் இடம் அது. சனிக்கிழமை மாலை, மூர்த்தி வீட்டுக்கும் வாசலுக்குமாக எட்டாவது தடவை நடந்தபோது அவள் பொறுமை இழந்தாள்.

"என்னங்க, தரை தேயுது. தராசு பிழையா இல்லையான்னு தெரியணும்னா தராசப் போயிக் கேளுங்க. என்னையக் கேட்டா எனக்கு என்ன தெரியும்?"

அவர் அவளை ஒன்றும் கேட்டிருக்கவில்லை. ஆனாலும் அது சரியான யோசனையாகத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை, வட்டவளைக் கடையில் பத்துக் கிலோ அரிசி வாங்கி, அங்கேயே இன்னொரு தரம் நிறுத்துப் பார்த்துக்கொண்டு, இருவரும் மடுவத்துக்குப் போனார்கள். பூட்டின் திறப்பு அவரிடம் இருந்தது. மழை விட்டிருந்தது, ஆள் இல்லை. பையைக் கொக்கியில் மாட்டி, தொடாமல், பேசாமல் நின்றார்கள். முள் ஆடியது. ஆட்டம் சுருங்கியது. அரை நிமிடத்தில் அசைவற்று நின்ற இடம் பத்து. ஒரு கோடு மேலே இல்லை, ஒரு கோடு கீழே இல்லை.

தராசு சரி. மூர்த்தி தராசுக்குக் கீழே இருந்த பலகையில் உட்கார்ந்துவிட்டார். பெரட்டில் சொல்ல வேண்டிய அந்த ஒரு வார்த்தை இப்போது பொய்யாகிவிட்டது. இதுவரை அவர் சொன்னது பிழை; நாளைக்குச் சொன்னால் அது பொய். ஆனால் ஒன்பதில் முள் நின்றதும் உண்மை. அதை எங்கே வைப்பது?

ஜெயந்தினியின் கைத்தொலைபேசியைத் தூணில் துப்பட்டாவால் கட்டி, முள்ளுக்கு நேராக வைத்தார்கள். பெண்கள் மாட்டுவதுபோலவே பையை மாட்டி, ஆடவிட்டு, காணொளி எடுத்தார்கள். இரண்டாவது நிற்பு சொல்லிவைத்ததுபோல ஒன்பது.

அன்று பகல் பிள்ளைக் காம்பராவில் யாரும் இல்லை. சின்ன மேசையின் முன் முழங்கால் மடக்கி உட்கார்ந்து, காணொளியை ஒவ்வொரு படமாக நகர்த்தினார். ஒரு நொடிக்கு முப்பது படம். ஆக, முழு ஆட்டத்துக்கு அறுபது. தராசு முகத்தில் கிலோவுக்கும் கிலோவுக்கும் இடையே பத்துக் கோடு. கோட்டுக்கு நூறு கிராம். படத்துக்குப் படம் முள் எங்கே இருக்கிறது என்று ஒரு தாளில் குறித்தார். கட்டம் போட்ட தாள் வேறு இல்லாததால் ஜெயந்தினி குழந்தைகளின் நிறையைக் குறிக்கும் அட்டையைக் கொடுத்தாள்.

"பாத்துக் குறிங்க. அந்த அட்டையில கோடு கீழ எறங்குச்சுன்னா அம்மாவக் கூப்பிட்டு ஏசுவோம்."

குறித்து முடித்தபோது பழைய பாடசாலைக் கொப்பியில் சைனுக்கு வரைந்திருந்த அலை அட்டையில் இருந்தது. ஒன்பதில் வளைந்து ஏறி, பத்தைக் கடந்து, பதினொன்றை நெருங்கி வளைந்து, மறுபடி இறங்கியது. ஒன்பதைச் சுற்றி ஒரு கோட்டு அகலத்துக்குள் ஒன்பது புள்ளிகள் நெருக்கியடித்துக் கிடந்தன. பத்தைத் தாண்டும் இடத்தில் அதே அகலத்துக்குள் ஒரே ஒரு புள்ளி.

ஏன் என்று அவர் கணக்குப் போட்டார். ஒன்பதிலிருந்து பத்துக்கு வர முள் எடுத்தது பதினைந்து படம், ஓடியது ஆயிரம் கிராம். படத்துக்கு அறுபத்தேழு கிராம் வேகம். அது முழு ஓட்டத்தின் சராசரி. பத்தைத் தொடும் கணத்தின் வேகம் அன்று. தொடுவதற்கு முந்திய பத்துப் படத்தை மட்டும் எடுத்தார்: எண்பத்தேழு. கடைசி ஐந்து படம்: நூறு. கடைசி ஒரே படம்: ஒரு கோட்டையும் தாண்டி ஒரு மயிரிழை, நூற்றைந்து என்று வைக்கலாம். அறுபத்தேழு, எண்பத்தேழு, நூறு, நூற்றைந்து. துண்டைச் சிறிதாக்கச் சிறிதாக்க எண் ஏறியது. ஆனால் ஏறும் அளவு குறைந்துகொண்டே வந்தது. இருபது, பதின்மூன்று, ஐந்து. நிலைகொள்ளப் போகும் ஓர் எண்ணைத் தேடி அது அடங்குகிறது.

அவர் எழுந்து நின்றார். இருபத்திரண்டு ஆண்டுகளாகத் தவறான கேள்வியை அல்லவா கேட்டுக்கொண்டிருந்தார்! கணத்துக்குள் முள் எவ்வளவு தூரம் போகும் என்று யாரும் சொல்லவில்லை. கணத்தைச் சுற்றிய நேரத்தைக் குறுக்கிக்கொண்டே போனால் சராசரிகள் எந்த எண்ணில் போய் அடங்குகின்றனவோ, அந்த எண்ணுக்குத்தான் கணத்தின் வேகம் என்று பெயர். ஆசிரியர் எல்லை என்ற சொல்லை எத்தனை தரம் சொல்லியிருப்பார்! அந்தச் சொல் அப்போது வெறும் சத்தமாகவே போயிருந்தது.

பிறகு மறுமுனைக்குப் போனார். ஒன்பதிலிருந்து புறப்பட்ட முதல் ஐந்து படத்தில் முள் நகர்ந்தது ஒரு கோட்டுக்குச் சற்றே மேல். படத்துக்கு இருபத்தேழு கிராம். முதல் ஒரே படத்தில் நகர்ந்ததாகவே தெரியவில்லை. இங்கே சராசரிகள் அடங்கும் எண் பூச்சியம். அதைத்தான் அவர் கண் நிற்பு என்று எடுத்துக்கொண்டது. வேகம் பூச்சியமாவது வேறு, ஓய்ந்து நிற்பது வேறு. முள் அங்கே ஓயவில்லை. இறங்கிய ஓட்டம் ஏறும் ஓட்டமாக மாறும் கணத்தில் அதன் வேகம் பூச்சியத்தைத் தொட்டுப் போனது. உண்மையான நிறை இருந்த இடத்திலோ முள் உச்ச வேகத்தில் பறந்தது. அதனால் எந்தக் கண்ணாலும் அதைப் பிடித்திருக்க முடியாது.

கை நிற்கவில்லை. ஒவ்வொரு படத்துக்கும் உரிய வேகத்தைக் கணித்து இன்னோர் அட்டையில் குறித்தார். அதுவும் ஓர் அலை. முதல் அலை நடுவில் இருக்கும்போது இது உச்சியில், முதல் அலை உச்சியில் இருக்கும்போது இது நடுவில். கால் ஆட்டம் முந்திப் போகும் அதே உருவம். கோசைன். யாரும் சொல்லாமல் அது வந்து தாளில் விழுந்திருந்தது. ஆனால் ஒன்று இடித்தது. முதல் அலையின் உயரம் ஆயிரம், இதன் உயரம் நூற்றைந்து. கொப்பியில் வரைந்த சைன், கோசைன் அலைகள் இரண்டும் ஒரே உயரம். பிழை விட்டேனோ என்று இருமுறை கூட்டிப் பார்த்தார், வெளியே போய் வந்தார், மறுபடி உட்கார்ந்தார். வேகத்தைப் படத்துக்கு இவ்வளவு என்று அல்லவா எழுதியிருக்கிறார். முழு ஆட்டத்தை ஒரு வட்டச் சுற்றாக வைத்தால், அறுபது படத்துக்கு முந்நூற்றறுபது பாகை, படத்துக்கு ஆறு. புத்தகம் பாகையில் எண்ணுவதில்லை, ஆரையனில் எண்ணுகிறது. வட்டத்தின் ஆரை நீளத்தை விளிம்பிலே நடந்தால் கிடைக்கும் கோணம் ஒரு ஆரையன். அதற்கு ஏறத்தாழ ஒன்பதரைப் படம். நூற்றைந்தை ஒன்பதரையால் பெருக்கினார். ஆயிரத்துக்கு இரண்டரை குறைவு. இரண்டு அலைகளும் ஒரே உயரத்துக்கு வந்துவிட்டன. ஆரையன் என்ற அளவு எதற்கு என்று கேட்கக்கூட அந்த நாளில் அவருக்குத் தோன்றியதில்லை.

ஜெயந்தினியிடம் காட்டினார். விளக்க ஆரம்பிக்குமுன்பே அவள் விரல் நடுப்பகுதிக்குப் போயிற்று. இங்கே கோடு செங்குத்தாக இருக்கிறது, முனையில் படுத்துவிடுகிறது என்றாள். அதில் அவளுக்கு அதிசயம் ஒன்றும் இல்லை.

"நாங்க புள்ளையோட நெறையைப் பாக்குறதில்லங்க. கோடு எப்படிப் போகுதுன்னுதான் பாப்போம். நெற நல்லா இருந்தும் கோடு படுத்துருச்சுன்னா அந்தப் புள்ளைக்கு என்னமோ இருக்கு."

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று ஒரு நாளாவது சந்தோஷப்பட்டிருக்கலாம். ஆனால் வருடங்கள் வந்து முன்னால் நின்றன. இது ஜூலையிலிருந்து வந்த ஆறு வாரத்துப் பிழை மட்டும் அன்று. 2009இலிருந்து 2017 வரை இதே தராசு, இதே முறை. அம்மா உயிரோடு இருந்த கடைசி ஏழு வருடம். அந்தக் கைகள் மாட்டிய சாக்கையும் அவர் இரண்டாவது நிற்பில்தான் படித்தார். மகன் கணக்கப்பிள்ளை என்பதால் அம்மா ஒரு நாளும் எண்ணைத் திருப்பிக் கேட்டதில்லை. சில நாட்களில் பதினெட்டுக் கிலோ எட்டாமல் அரைப் பேர், அதாவது அரைநாள் கூலி மட்டும், விழும். வயதாச்சுல்ல என்று சொல்லிவிட்டுப் போவார்.

அட்டைகளைச் சுருட்டிக்கொண்டு மாலை ஐந்து மணிக்கு மலைப்பாதையில் நடக்கத் தொடங்கினார். ஜெயந்தினி கூப்பிடவில்லை. இருட்டுமுன் வந்துவிட்டார்.

திங்கட்கிழமைப் பெரட்டுக்கு எல்லாரும் வந்திருந்தார்கள். வழக்கத்தில் வராதவர்களும் வந்தார்கள். சுதாகரன் பெயர்ப் புத்தகத்தோடு நின்று, தராசு பற்றிக் கணக்கப்பிள்ளை ஒரு விஷயம் சொல்வார் என்று ஆரம்பித்துவைத்தார். மூர்த்தி முன்னால் வந்தார். அட்டைகளைக் கையில் வைத்திருந்தார், விரிக்கவில்லை.

"தராசு சரி," என்றார். "பிழை என்னோடது."

சுதாகரன் புத்தகத்தைப் புரட்டத் தொடங்கினார். முள் நின்றதை மெய்யாகவே கண்டேன் என்று மூர்த்தி சொன்னபோது பின்னால் யாரோ கனைத்தார்கள். அவர் நிறுத்தி, வேறு விதமாகத் தொடங்கினார்.

"தொட்டில் ஆட்டுறப்ப புள்ள மொகம் எப்பத் தெரியும்? ரெண்டு பக்கமும் போயித் திரும்புறப்பத்தான். நடுவுல வர்றப்பத் தெரியுமா? வேகமாப் போயிரும். ஆனா தொட்டில் கட்டுன எடம் நடுவுலதானே. ஒங்க நெறயும் நடுவுலதான் இருந்துச்சு. நான் ஓரத்தப் பாத்துச் சொல்லிட்டேன். எட்டு வருஷமும் அப்புறம் இந்த ஆறு வாரமும்."

எட்டு வருஷம் என்றதும் ஒரு சலசலப்பு எழுந்தது. ஆறு வாரத்தை மட்டும் சொல்லியிருக்கலாம். யாரும் எட்டு வருடத்தைக் கேட்டிருக்கவில்லை. சுதாகரன் நிமிர்ந்து அவரைப் பார்த்தார். கண்ணில் கோபத்தைவிட வியப்பே அதிகம். பெண்கள் பக்கத்திலிருந்து சண்முகவடிவு முன்னால் வந்தார்.

"களவு எடுத்தீங்கன்னு நெனச்சேன். அவசரக்காரர்னு சொல்றீங்க. எனக்கு ரெண்டும் ஒண்ணுதான் ஐயா. கிலோ போனது போனதுதான்."

ஆமாம் என்றார் மூர்த்தி. வேறு ஆள் நிறுக்கட்டும் என்று தாமே கேட்டுக்கொண்டார். பெண்கள் கூடிப் பேசினார்கள். புது ஆள் வந்தாலும் லொறி அதே ஹோர்ன்தான் அடிக்கும், அவனும் அதே முறையைத்தான் பிடிப்பான். இவருக்கு இப்போது பயம் இருக்கிறது, இவரே இருக்கட்டும் என்று முடிவாயிற்று. முள் அடங்கும்வரை எண் சொல்லக்கூடாது, லொறி நிற்கட்டும். சுதாகரன் அதை எழுதிக்கொண்டார்.

மூர்த்தி எழுத்திலும் கொடுத்தார். இன்ன தேதி முதல் இன்ன தேதிவரை தாம் நிறுத்த கொழுந்தின் நிறை பிசகானது என்று இரண்டு பக்கம் எழுதி, அட்டைகளின் பிரதியையும் சேர்த்துத் தோட்டத்தை நிர்வகிக்கும் துரைமாருக்குக் கொடுத்தார். இன்னொரு பிரதி தொழிற்சங்கத்துக்குப் போயிற்று. எட்டு வருடத்துக்கு என்ன செய்வது என்பது இன்னும் பேச்சில்தான் இருக்கிறது.

அந்தத் திங்கட்கிழமை மத்தியானம் மடுவத்தில் வரிசை நீண்டது. சாக்குக்கு அரை நிமிடம். மழை தூறியது. கீழே லொறிக்காரன் ஹோர்ன் அடித்து, சிங்களத்தில் ஏதோ சத்தம் போட்டு, இறங்கி வந்து பார்த்துவிட்டுப் போனான். ஆடும் முள்ளைப் பார்த்துக்கொண்டு வாய் திறக்காமல் நிற்பது மூர்த்திக்குப் பழக்கமில்லாத வேலை. ஒவ்வொரு முனையிலும் நாக்கு எண்ணைச் சொல்ல எழுந்தது. பற்களை இறுக்கி அடக்கினார்.

சண்முகவடிவின் முறை வந்தது. சாக்கை மாட்டிவிட்டு, வழக்கம்போலத் தள்ளி நிற்காமல் தராசுக்குப் பக்கத்திலேயே நின்றார். முள் ஓடித் திரும்பியது.

"அக்கா கொழுந்தையும் அப்படித்தான் நிறுத்தியா, மூர்த்தி?"

மடுவத்தில் அவர் அந்தப் பெயரைச் சொன்னது அதுவே முதல் தடவை.

"ஆமா சின்னம்மா."

சண்முகவடிவு அவரைப் பார்க்கவில்லை. முள் எட்டின் மேலே போய்த் திரும்பியது, ஏழின் கீழே போய்த் திரும்பியது. பின்னால் ஒரு பெண் மழை வலுக்கப் போகுது, சீக்கிரம் சொல்லுங்க ஐயா என்றாள். இன்னொருத்தி, ஏழரைன்னு போடுங்க, எல்லாருக்கும் தெரியுதே என்றாள். சண்முகவடிவு திரும்பினார்.

"இருங்கடி. நிக்கட்டும்."

தகரத்தில் மழை விழுந்துகொண்டிருந்தது. முள்ளின் ஆட்டம் ஒரு கோட்டு அகலத்துக்குச் சுருங்கி, அரைக் கோட்டுக்குச் சுருங்கி, ஏழரைக்கு ஒரு கோடு மேலே வந்து ஓய்ந்தது. மூர்த்தி இன்னும் ஒரு மூச்சு பொறுத்தார். பிறகுதான் எண்ணைச் சொன்னார்.